தகரக் கூரை மண்டபத்தில் சிறிய கச்சேரிக்கு ஒலி அமைத்தல்

கிளிநொச்சிப் பக்கம் தகரக் கூரை போட்ட பொதுநோக்கு மண்டபமொன்றில், நூறு பேர் முன்னிலையில், வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் ஆகியவற்றுக்கு என்ன கருவிகள் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டும், ஆறு உள்ளீடுகள் கொண்ட மிக்ஸரும் (மைக்குகளின் ஒலியைக் கலந்து சரிசெய்யும் கருவி), நான்கு மைக்கும் தாராளமாகப் போதும்.

உண்மையான சிக்கல் கூரைதான். ஒலியைக் கூட்டக் கூட்டத் தகரம் அதைத் திருப்பியடித்துச் சொற்களைக் கலக்கிவிடும் என்பதால், ஸ்பீக்கர்களை மைக்குகளுக்கு முன்னே, கேட்போரின் தலைக்குச் சற்று மேலே உயர்த்தி, சுவரை நோக்காமல் ஆட்களை நோக்கிச் சரித்து வையுங்கள்; மனித உடலும் உடுப்பும் எதிரொலியை நன்றாக உறிஞ்சும்.

பாடகருக்கு ஷூர் எஸ்எம்58 போன்ற, பின்புற ஒலியைத் தவிர்க்கும் டைனமிக் மைக் ஏற்றது. கலைஞர்கள் தரையில் அமர்வதால் குட்டை ஸ்டாண்ட் தேவை. மிருதங்கத்தின் வலந்தலைக்கும் (வலப்பக்கம்) தொப்பிக்கும் (இடப்பக்கம்) தனித்தனி மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து, தொப்பியின் தாழ்ந்த நாதம் மண்டபத்தில் குமுறினால் மிக்ஸரில் 100 ஹேர்ட்ஸ் அளவிலுள்ள தாழ்ந்த ஒலியைச் சிறிது குறையுங்கள். மைக்கை வாய்க்குப் பாதித் தூரம் நெருக்கினால் மைக்கில் விழும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும்; அந்தளவுக்கு மிக்ஸரில் ஒலியைக் குறைக்கலாம். ஸ்பீக்கரின் ஒலி மறுபடி மைக்குக்குள் புகுவதால் எழும் ஊளைச் சத்தத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

ஸ்பீக்கரில் 'ம்ம்' என்ற மின் இரைச்சல் வந்தால் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பிளக் பொயின்ட்டிலிருந்து மின்சாரம் எடுங்கள். புவித்தொடுப்பை (எர்த் இணைப்பை) மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள், அது உயிராபத்து. மின்பிறப்பாக்கியை மண்டபத்துக்கு வெளியே, தூரத்தில் வைப்பதும் அவசியம்.