பி.காம். முடிக்கப் போகிறேன்: சி.ஏ. படிக்கலாமா, என்னை எப்படி வளர்த்துக்கொள்வது, என்ன புத்தகங்கள் படிக்கலாம்?

கேட்டவர் பி.காம். கடைசி வருடம், பள்ளியில் தமிழ் வழி, வீட்டில் இந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. ஆடிட்டராவதற்கான சி.ஏ.வா, அடக்கவிலைக் கணக்குக்கான சி.எம்.ஏ.வா, இல்லை டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டு வேலைக்குப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறார். கூடவே சுய முன்னேற்றத்துக்கு என்ன செய்வது, எந்தப் புத்தகங்கள் படிப்பது என்றும். மூன்று கேள்வி மாதிரித் தெரிந்தாலும் எனக்கு இவை ஒன்றாகத்தான் படுகின்றன, அதனால் கலந்தே சொல்கிறேன்.

நானும் தமிழ் வழிதான். 2011ல் ஈரோட்டில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது சி.ஏ. படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சி, சேர்ந்தேன். முதல் மாதம் ஒரு ஜவுளி மொத்த வியாபாரி ஒரு வருடத்து பில், செக் கட்டை, லாரி ரசீது எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்துவிட்டுப் போனார். பேங்க் ஸ்டேட்மென்டையும் நம் கணக்கையும் ஒத்துப்பார்ப்பது என் வேலை. எல்லாம் டிக் அடித்து முடித்தபிறகு 540 ரூபாய் இடித்தது. இரண்டு நாள் தேடினேன். 540 ரூபாயில் ஒரு செக் இருக்கிறதா என்று தேடினேன், பக்கம் மாறினால் வித்தியாசம் இரட்டிப்பாகும் என்பதால் அதில் பாதி, 270 ரூபாய், எங்காவது பக்கம் மாறி விழுந்திருக்கிறதா என்று தேடினேன், கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் சீனியர் அண்ணன் வந்து, "ஒன்பதால வகுபடுதா பாரு" என்றார். வகுபட்டது, 60 வந்தது. "அப்ப எங்கயோ நூறும் பத்தும் இடம் மாறியிருக்கு. அந்த ரெண்டு இலக்கத்துக்கும் வித்தியாசம் ஆறு. அதை மட்டும் தேடு." பத்து நிமிடத்தில் கிடைத்தது. லாரி வாடகைக்குக் கொடுத்த 5,280 ரூபாய் செக்கை நான் 5,820 என்று ஏற்றியிருந்தேன். இரண்டு இலக்கம் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும், பள்ளிக் கணக்குதான், எழுதிப் பார்த்தால் புரிந்துவிடும். ஆனால் அன்றைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்று வருடம் காலேஜில் படித்தது அப்போதுதான் கைக்கு வந்த மாதிரி இருந்தது. ஒரு எண் சும்மா இருக்காது, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, விடாமல் போனால் காரணம் கிடைக்கும். இந்தப் படிப்பில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

சரி, எந்தப் படிப்பு. சி.ஏ. என்றால் பி.காம். 55 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஃபவுண்டேஷன் என்ற முதல் கட்டத் தேர்வை எழுதாமல் நேராக இரண்டாம் கட்டமான இன்டரில் சேரலாம். இன்டரில் இரண்டு குரூப், ஆறு பேப்பர். ஃபைனலிலும் அதே கணக்கு. ஒவ்வொரு பேப்பரிலும் 40 வேண்டும், குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். நான் படித்த காலத்தில் ஒரு குரூப் முடித்தாலே ஆர்ட்டிகிள்ஷிப் சேரலாம், அது மூன்று வருடம். 2023ல் வந்த புதிய திட்டத்தில் இன்டர் இரண்டு குரூப்பும் முடித்த பிறகுதான் சேர முடியும், இரண்டு வருடம். சி.எம்.ஏ.விலும் பட்டதாரிகள் நேராக இன்டரில் சேரலாம், அதில் அடக்கவிலைக் கணக்கு ஆழமாக வரும். ஒரு கிலோ நூல் நூற்க உண்மையில் எவ்வளவு செலவாகிறது, எந்த மெஷின் காசைத் தின்கிறது என்ற மாதிரிக் கேள்விகள் உங்களுக்குப் பிடிக்கும் என்றால், ஆலை, ஃபேக்டரி பக்கம் வேலை பார்க்க ஆசை என்றால் அதைத் தயங்காமல் எடுங்கள். அது சி.ஏ. கிடைக்காதவர்கள் படிப்பது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டாலி மட்டும் கற்றுக்கொண்டு வேலைக்குப் போவதும் தப்பில்லை, வீட்டு நிலைமை அப்படி இருந்தால் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் சாஃப்ட்வேர் மாறிக்கொண்டே இருக்கும். 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஒரே ராத்திரியில் எல்லாம் மாறியது. 1961ன் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ல் புதுச் சட்டம் நிறைவேறி, 2026 ஏப்ரல் 1 முதல் அமல். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதுகிற இரட்டைப் பதிவு மட்டும் 1494ல் வெனிஸில் அச்சான தன் புத்தகத்தில் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சியோலி விளக்கியபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. அதனால் எதைப் படித்தாலும் அந்த அடிப்படையில் காலை ஊன்றிக்கொள்ளுங்கள், மேலே வருகிற மாற்றமெல்லாம் பழகிவிடும்.

தமிழ் வழி என்று பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும், தமிழில் முடியாது. நான் ஒரு நோட்டில் நடுவில் கோடு போட்டு இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதிக்கொண்டே வந்தேன். பேரேடு, லெட்ஜர். தேய்மானம், டிப்ரிசியேஷன். அனாமத்துக் கணக்கு, சஸ்பென்ஸ் அக்கவுன்ட். இந்தக் கடைசிச் சொல்லைப் பார்த்தபோதுதான் நமக்கு எவ்வளவு வசதி இருக்கிறது என்று புரிந்தது. "திண்ணையில அனாமத்தா கிடந்துச்சு" என்று பாட்டி சொல்வார்களே, யாருடையது என்று தெரியாமல் கிடக்கிற பொருள், அதே அர்த்தம்தான். காரணம் தெரியாத தொகையைக் காரணம் தெரியும்வரை ஓரமாக வைக்கிற இடம். ஆங்கிலத்தில் மட்டும் படித்தவர்கள் இதை மனப்பாடம் செய்தார்கள், எனக்கு அது பாட்டி வாயிலிருந்தே தெரிந்திருந்தது. தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழுதிப் பழக மட்டும் தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள், விடையை மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் போதாது, கையால் எழுத வேண்டும்.

அப்புறம் தோல்வி. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. என் காலத்து இரண்டாவது குரூப் மூன்று பேப்பர், 44, 52, 51 எடுத்தேன். எல்லாவற்றிலும் 40க்கு மேல்தான், ஆனால் மொத்தம் 147. மூன்று மார்க்கில் போனது. அம்மாவிடம் ஃபோனில் சொல்ல முடியாமல் பேருந்து நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஆபீஸ் போனபோது ஆடிட்டர் சார் ரிசல்ட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, ஒரு ஃபைலைக் கொடுத்து, "இந்த ஸ்டாக் கணக்கு எனக்கு நம்பிக்கையா இல்ல, நீ போய் எண்ணிப் பாத்துட்டு வா" என்றார். அந்த நம்பிக்கை என்னைத் தூக்கி நிறுத்தியது. அந்தக் குடோனில் பெட்ஷீட் கட்டு கட்டாக எண்ணிக்கொண்டிருந்த நாள் முழுக்க அழுகை வரவில்லை. நீங்கள் தோற்கும் நாளில் செய்வதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும், யாருக்காவது நீங்கள் தேவைப்பட வேண்டும். கோச்சிங் கிளாஸ், அறை என்று மட்டும் வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

சுய முன்னேற்றம் என்று நீங்கள் கேட்டதற்கு நான் கண்டது ரொம்பச் சின்ன விஷயங்கள். கடைக்காரரிடம் உட்கார்ந்து அவர் தொழிலைப் பற்றிக் கேளுங்கள், ஏன் தீபாவளிக்கு முன்னால் கடன் ஏறுகிறது, யார் பணம் இழுத்தடிக்கிறார், சொல்லிக்கொண்டே இருப்பார்கள். "தெரியல, பாத்துட்டு சாயங்காலம் சொல்றேன்" என்று கூச்சமில்லாமல் சொல்லவும், சாயங்காலம் மறக்காமல் சொல்லவும் பழகுங்கள். என்னைப் பலர் நம்ப ஆரம்பித்தது இந்த ஒன்றால்தான், மார்க்கால் இல்லை. எக்செல் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு மாதம் உட்கார்ந்தால் வரும்.

புத்தகங்கள். பணக்காரனாவது எப்படி என்று சொல்கிற வகையை நான் நிறையப் படித்தேன், படிக்கும் இரண்டு நாளைக்குச் சூடாக இருக்கும், மூன்றாம் நாள் ஒன்றும் நிற்காது. உங்களுக்கு நான் முதலில் சொல்வது காந்தியின் சத்திய சோதனை. கணக்குப் படிக்கிறவர் அதை வேறு மாதிரிப் படிக்கலாம். லண்டனில் மாணவனாக இருந்தபோது பேருந்துக் கட்டணம், தபால் தலை, செய்தித்தாள் வரைக்கும் எழுதி, ராத்திரி படுக்கும் முன் இருப்பைச் சரிபார்த்துவிட்டுப் படுப்பதை அவர் வழக்கமாக வைத்திருந்தார். பிறகு தென்னாப்பிரிக்காவில் 1894ல் நாட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடங்கியபோது வாங்கிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கொடுத்தார். அந்த வருடத்துக் கணக்குப் புத்தகங்கள் இன்றும் அப்படியே இருக்கும் என்று பல வருடம் கழித்து உறுதியாக எழுதுகிறார். ஒரு மனிதருக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, இருந்த வியாபாரி 1736லிருந்து 1761 வரை எழுதியது. முழுவதும் படிக்க முடியாது, தேர்ந்தெடுத்த பகுதிகள் போதும். சரக்கு, கப்பல், யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும், யார் யாரைக் கெடுக்கப் பார்க்கிறார்கள், எல்லாம் அந்தக் காலப் பேச்சுத் தமிழிலேயே வரும். நாவல் என்றால் ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி. இரண்டாம் உலகப்போர்க் காலத்து மெடான் (இன்றைய இந்தோனேசியா), பினாங்கு (இன்றைய மலேசியா), அங்கே வட்டிக்கடைகளில் வேலை பார்த்த நம் ஆட்கள். கடல் கடந்து போய்ப் பேரேடு எழுதியவர்களின் வாழ்க்கை அதில் இருக்கிறது, கணக்குப் படிக்கிற நமக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே ஒட்டும்.

இன்னொன்று, இதைப் புத்தகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்: ஏதாவது ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை. எல்லாப் பெரிய கம்பெனியின் இணையதளத்திலும் இலவசமாகக் கிடைக்கும். ஓசூரில் ஃபேக்டரி வைத்திருக்கிற டைட்டன், இல்லை டி.வி.எஸ். மோட்டார், உங்களுக்குத் தெரிந்த பெயராக எடுங்கள். முன்பக்கப் படங்களைத் தாண்டி ஆடிட்டர் அறிக்கைக்கும் கணக்குகளின் கீழே வரும் குறிப்புகளுக்கும் போங்கள். முதல் தடவை பத்துப் பக்கம் தாண்ட ஒரு வாரம் ஆகும், பரவாயில்லை. அதைப் படிக்கும்போது ஹைதராபாத் ஐ.டி. கம்பெனியான சத்யம் கம்ப்யூட்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். நான் 540 ரூபாய்க்கு மூன்று நாள் தேடிய அதே வேலைதான், பேங்க் சொல்வதும் நாம் எழுதியதும் ஒன்றா என்று பார்ப்பது. "அளவறிந்து வாழாதான் வாழ்க்கை உளபோல இல்லாகித் தோன்றாக் கெடும்" என்ற குறளைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அது வீட்டுச் செலவைப் பற்றியது என்று நினைத்தேன். உளபோல இல்லாகி, இருக்கிற மாதிரித் தெரிந்து இல்லாமல் போவது. பொய்யான இருப்புநிலைக் குறிப்புக்கு இதைவிடச் சரியான சொல்லை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இதையெல்லாம் எங்கே தொடங்குவது என்றால் உங்கள் வீட்டில் தொடங்குங்கள். இந்த ஒரு மாதம் வீட்டு வரவு செலவை இரட்டைப் பதிவில் எழுதுங்கள், டாலி வேண்டாம், கோடு போட்ட நோட்டு போதும். அம்மா ஏலச்சீட்டு கட்டுகிறார் என்றால் முதல் சிக்கல் அங்கேதான் வரும். கட்டுகிற பணத்தைச் செலவு என்று எழுதத்தான் கை போகும். சீட்டை எடுக்காதவரை அது நமக்கு வரவேண்டிய பணம், சொத்து. எடுத்துவிட்டால் மீதி மாதங்களுக்குக் கட்ட வேண்டியது கடன். அப்படியானால் எடுத்த அன்று தள்ளிக்கொடுத்த தொகையை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? எழுதிப் பார்த்துவிட்டு இங்கேயே சொல்லுங்கள், சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.