நான்கு ஆண்டுகளாகக் குழந்தை இல்லை; பரிசோதனை யாருக்கு முதலில்?

கேள்வி: எனக்கு வயது 28, கணவருக்கு 33. கோத்தகிரிக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். திருமணமாகி நான்கு ஆண்டுகளாகியும் குழந்தை தங்கவில்லை. மாதவிலக்கு முப்பது நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறது. கருமுட்டை வளர்வதற்கென்று எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டும் பலனில்லை. மலைக் குளிரில் தேயிலை பறித்துப் பறித்து என் கருப்பை குளிர்ந்துவிட்டது என்கிறார் மாமியார். கணவர் எங்கள் ஒன்றரை ஏக்கரில் காரட் போடுகிறார். மருந்தும் அவரே அடிப்பார். அறுவடைக் காலத்தில் பல இரவுகள் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விடுவார். பதினெட்டு வயதில் அவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, விரையும் வீங்கிப் படுத்திருந்தாராம். ஆனால் தன்னிடம் ஒரு குறையும் இல்லையென்று பரிசோதனைக்கு வர மறுக்கிறார். நிலத்தை அடகு வைத்துக் கோவையில் சோதனைக்குழாய் முறையில் முயலலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் மாமியாரின் கருத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். வெளியே பனி கொட்டினாலும் உடலின் உட்புற வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். கருப்பை இருப்பது அந்த உட்புறத்தில்தான். கோத்தகிரியில் இருந்தாலும் மதுரையில் இருந்தாலும் அது குளிர்ந்துபோக வழியில்லை. நீலகிரியில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் பிறந்துகொண்டுதானே இருக்கின்றன?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் பொன்னுக்கு வீங்கி பற்றிய வரி. சிறுவயதில் வந்தால் பெரும்பாலும் கன்னத்தோடு போய்விடும் இந்த நோய், பருவமடைந்த பின் வரும்போது சிலருக்கு விரைகளையும் தாக்கி, விந்தணு உற்பத்தியாகும் திசுவைச் சேதப்படுத்திவிடும். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே பாதிக்கப்படும் என்பதாலும், இரு பக்கமும் பாதிக்கப்பட்டால்கூட உற்பத்தி முற்றிலும் நின்றுபோவது அரிது என்பதாலும், இதைக் கேட்டு நீங்கள் கலங்க வேண்டியதில்லை. ஆனால் இப்படியொரு பின்னணி உள்ளவருக்கு விந்தணுப் பரிசோதனை செய்யாமல், மாதவிலக்கு ஒழுங்காக வரும் உங்களுக்கு எட்டு மாதம் மாத்திரை கொடுத்தது சரியான வரிசை அல்ல. அந்த மாத்திரை கருமுட்டை வெளிப்படாத பெண்களுக்கானது. தானாகவே வெளிப்படுபவர்களுக்கு அதனால் கூடுதல் பயன் இருப்பதில்லை.

குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆண் பக்கக் காரணம் தனியாகவோ, பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. தாம்பத்திய உறவில் எந்தச் சிரமமும் இல்லாத ஆணுக்கும் விந்தில் அணுக்கள் குறைவாகவோ, அறவே இல்லாமலோ இருக்கலாம். விறைப்பும் உறவும் வேறு, அணு உற்பத்தி வேறு. விந்தைக் கண்ணால் பார்த்தோ உடல்வலுவை வைத்தோ இதைச் சொல்ல முடியாது. உங்கள் கணவருக்கு இந்த ஒன்றைப் புரியவைத்துவிட்டால் பாதிப் பிடிவாதம் தளர்ந்துவிடும். நீங்கள் சொல்லிக் கேட்கவில்லையென்றால், அவர் மதிக்கும் ஒரு ஆண் மருத்துவர் மூலம் சொல்லச் சொல்லுங்கள். அவர் வெட்கப்பட்டு, விடுதிகளில் அறை எடுத்து முகாம் போடும் வைத்தியர்களிடம் போய்விடக் கூடாது. வீரியத்துக்கென்று போடப்படும் ஆண் ஹார்மோன் ஊசி, இருக்கும் அணு உற்பத்தியையும் நிறுத்திவிடக்கூடியது.

பரிசோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளிப்படாமல் இருக்க வேண்டும். மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டும். வழியில் குளிரவும் கூடாது. உங்கள் ஊரில் எடுத்து, பனிக்காலத்து மலைப்பாதையில் பேருந்தில் கொண்டுபோனால், நன்றாக நீந்தும் அணுக்களும் சோர்ந்துபோய் முடிவு தவறாக வரும். ஆகவே ஊட்டியிலோ குன்னூரிலோ இந்தப் பரிசோதனையை நம்பகமாகச் செய்யும் கூடம் எது என்று மகப்பேறு மருத்துவரிடம் கேட்டறிந்து, அங்கேயே மாதிரி கொடுப்பது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி அணுக்களும், அசைவுள்ளவை 42 சதவீதமும் கீழெல்லைகள். இதற்குச் சற்றுக் கீழே இருப்பவர்களும் தந்தையாகிறார்கள். ஒரே ஒரு குறைந்த முடிவை வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது, மறுபடி செய்து பார்க்க வேண்டும்.

மருந்தடிப்பதையும் நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 1977-இல் கலிபோர்னியாவில், மண்ணில் வாழும் நுண்ணிய நூற்புழுக்களைக் கொல்லும் டிபிசிபி என்ற மருந்தைத் தயாரித்த தொழிலாளர்கள் பலருக்கு விந்தணுக்கள் குறைந்தோ, இல்லாமலோ போயிருந்தது கண்டறியப்பட்டது. அந்த மருந்து இந்தியாவில் இப்போது தடைசெய்யப்பட்டது. உங்கள் கணவர் அடிக்கும் மருந்துகள் வேறு என்றாலும், கையுறையும் முகமூடியும் இல்லாமல் கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொள்ளும் பழக்கத்தை அவர் விட்டாக வேண்டும். ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய மூன்று மாதமாகும். அந்த மூன்று மாதமும் தெளிப்பு வேலையை வேறொருவர் முழுக் கவசத்துடன் செய்ய, இவர் புகையிலையையும் மதுவையும் நிறுத்தினால், அடுத்த பரிசோதனை முடிவுக்கு ஒரு பொருள் இருக்கும்.

மண்டிக்குப் போகும் இரவுகளையும் கணக்கில் எடுங்கள். முப்பது நாள் சுழற்சியில் கருமுட்டை ஏறத்தாழ 16-ஆம் நாள் வெளிப்பட்டு, ஒரு நாளுக்குள் அழிந்துவிடும். விந்தணுவோ ஐந்து நாள் வரை உள்ளே உயிரோடு இருக்கக்கூடியது. எனவே மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி, 11 முதல் 16 வரையிலான நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாளாவது அவர் வீட்டில் இருக்க வேண்டும். காரட் லோடு அந்த வாரத்தில் விழுந்தால் வேறு யாரையாவது அனுப்பட்டும்.

உங்கள் பக்கம் தைராய்டு பரிசோதனையும், கருமுட்டை வெளிப்பட்டதா என்று காட்டும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவை 23-ஆம் நாளை ஒட்டிப் பார்ப்பதும், கருக்குழாய்களில் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயும் போதும். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ எப்போதாவது காசநோய் இருந்ததா என்பதைத் தவறாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இருமலே இல்லாமல் கருக்குழாயை அடைத்துவிடும் காசநோய் நம் நாட்டில் முக்கியமான ஒரு காரணம். ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்கலாம்.

அணுக்கள் மிகக் குறைவு என்று தெரிந்தாலும் கதவு அடைபட்டுவிடவில்லை. ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் முதல் குழந்தை பிறந்தது 1992-இல், பிரஸ்ஸல்ஸில். விந்தில் அணுவே இல்லாத சிலருக்கு விரையிலிருந்து நேரடியாக எடுத்தும் இதைச் செய்கிறார்கள். அந்த நிலை வந்தால் கோவைக்குப் போவது நியாயம்தான். செயற்கைக் கருத்தரிப்பு மையங்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற மையமா என்று பாருங்கள். இருவருடைய எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது. ஒரே சுற்றில் குழந்தை உறுதி என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நிலத்தை இப்போது அடகு வைக்காதீர்கள். 28 வயதில் இந்தப் பரிசோதனைகளுக்காகச் செலவாகும் மூன்று நான்கு மாதத்தால் நீங்கள் இழப்பது எதுவுமில்லை. 38 வயதில் எழுதியிருந்தால் வேறு மாதிரி பதில் சொல்லியிருப்பேன்.