எண்ணெய்க் கிண்ணம்: தோல் மருத்துவரிடம் கேட்டவை

போன மாதம் பனிக்கால வறட்சியைப் பற்றி எழுதியதிலிருந்து எண்ணெய்க் கேள்விகள் குவிந்துவிட்டன. ஐம்பதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றுக்கும் இடமில்லை, பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகளுக்கு மூன்று வயது. முழங்கை, முழங்கால் மடிப்புகளில் கரப்பான் (எக்ஸிமா). தேங்காய் எண்ணெய் தடவலாமா? (தேனி வாசகி)

தடவலாம். சமையலறை எண்ணெய்களில் கரப்பானுக்கு ஓரளவாவது நல்ல சான்று இருப்பது தேங்காய் எண்ணெய்க்குத்தான். அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். கரப்பான் வந்த தோலில் குடியேறி அரிப்பைக் கிளப்பிவிடும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை அது கொஞ்சம் அடக்கி வைக்கும். பிலிப்பைன்ஸில் 2008இல் பெரியவர்களுக்கும் 2014இல் குழந்தைகளுக்கும் தடவிப் பார்த்தார்கள். இரண்டு முறையும் பச்சைத் தேங்காயிலிருந்து எடுக்கும் வெர்ஜின் தேங்காய் எண்ணெய் நன்றாகவே பலன் தந்தது.

தடவும் நேரம்தான் முக்கியம். குளித்த மூன்று நிமிடத்துக்குள், துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, தோலில் ஈரம் இருக்கும்போதே தடவிவிட வேண்டும். எண்ணெய் தண்ணீரைக் கொண்டுவராது. இருக்கிற ஈரம் ஓடிவிடாமல் மூடி வைக்கும். மதியம் முழுக்கக் காய்ந்து கிடந்த தோலில் சாயங்காலம் தேய்த்தால் வறட்சியின் மேல் மூடி போட்டது போலத்தான். நீர் வடிந்தாலோ, தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினாலோ எண்ணெயை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். மருத்துவர் கொடுத்த களிம்பை விட்டுவிட்டு எண்ணெய்க்கு மாற வேண்டாம். இரண்டும் சேர்ந்தே போகலாம்.

எனக்கு வயது 17. முகம் முழுக்கப் பரு. இரவில் தேங்காய் எண்ணெய் தடவிப் படுக்கலாமா? (திருச்சி)

வேண்டாம், தம்பி. முகத்தில் துளைகளை அடைக்கும். தலையில் வழிய வழிய வைத்தாலும் நெற்றியோரம் பரு கூடும்.

அண்ணன் ஒவ்வொரு முறை துபாயிலிருந்து வரும்போதும் ஆலிவ் எண்ணெய் கொண்டுவருகிறார். வீட்டில் எல்லோருக்கும் உடம்புக்கு அதைத்தான் தேய்க்கிறோம். சரிதானே? (காயல்பட்டினம் வாசகி)

அதைச் சமையலுக்கு எடுத்து வையுங்கள். விலை அதிகம் என்பதால் தோலுக்கும் உயர்வாக இருக்கும் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆலிவில் சுமார் 70 சதவீதம் ஒலீயிக் அமிலம். தோலின் மேலடுக்கில் செங்கல்லுக்கு நடுவே சாந்து மாதிரி இருக்கும் கொழுப்பை அது இளக்கிவிடும். இங்கிலாந்தில் 2013இல் வெளிவந்த ஆய்வில் பெரியவர்கள் முன்கையில் தினம் இருவேளை சில சொட்டு தடவிவந்தார்கள். சில வாரத்திலேயே ஆலிவ் தடவிய தோல் பலவீனமாகிவிட்டது. சூரியகாந்தி எண்ணெய் தடவிய தோல் கெடவில்லை. சூரியகாந்தியில் லினோலியிக் அமிலம் அதிகம், தோலுக்கு வேண்டியது அதுதான். இப்போது 'ஹை ஒலீயிக்' என்று எழுதிய சூரியகாந்தி எண்ணெயும் கடைக்கு வருகிறது. தோலுக்கு அதை எடுக்காதீர்கள். அதன் குணம் ஆலிவுக்குப் பக்கம்.

பொடுகு போகத் தினமும் தலைக்கு எண்ணெய் வைக்கிறேன். போகவே மாட்டேன் என்கிறது.

எப்படிப் போகும்? பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது. நீங்கள் தினமும் அதற்குச் சோறு போடுகிறீர்கள். எண்ணெய் வைத்ததும் செதில் படிந்துவிடும், வெள்ளையாகத் தெரியாது. அதைப் பார்த்துக் குறைந்துவிட்டதென்று நம்பிவிடுகிறோம். ஒரு மாதம் எண்ணெயை நிறுத்துங்கள். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு, வாரம் இருமுறை, நுரை தலையில் ஐந்து நிமிடம் ஊறிய பிறகு அலசுங்கள்.

முதுகிலும் மார்பிலும் தேமல். நல்லெண்ணெய் தேய்த்தால் பரவுவது போல இருக்கிறது.

பரவத்தான் செய்யும். மேலே சொன்ன அதே பூஞ்சை, அதே காரணம். எண்ணெய் கூடாது. பூஞ்சை மருந்து போட்டு முடித்த பிறகும் வெளுத்த நிறம் திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகும். மருந்து கேட்கவில்லை என்று பயப்பட வேண்டாம்.

உடம்பு அரிக்கிறது. எந்த எண்ணெய் நல்லது?

இவ்வளவுதான் கடிதம். இதே மாதிரி இன்னும் பதினொன்று வந்திருக்கின்றன. உங்கள் வயது என்ன, எந்த இடத்தில் அரிப்பு, எத்தனை நாளாக, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா என்று ஒன்றுமே எழுதாமல் என்னால் என்ன சொல்ல முடியும்? ராத்திரியில் கூடி, விரல் இடுக்கிலும் இடுப்பிலும் அரித்து, வீட்டில் நாலு பேருக்கும் இருந்தால் அது சொறிசிரங்கு. எந்த எண்ணெயும் கேட்காது. எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். அறுபது வயதுக்கு மேல் ஒரு தடிப்பும் இல்லாமல் உடம்பெல்லாம் அரித்தால் சர்க்கரை, சிறுநீரகம், தைராய்டு, கல்லீரல் பரிசோதனை முதலில். விவரத்தோடு திரும்ப எழுதுங்கள், கட்டாயம் பதில் சொல்கிறேன்.

தீப எண்ணெய் என்று கடையில் விலை மலிவாகக் கிடைக்கிறது. விளக்கெண்ணெயும் அதுவும் ஒன்றுதானே? குதிகாலுக்குப் போடலாமா?

ஒன்றல்ல. விளக்கெண்ணெய் ஆமணக்கு விதையை ஆட்டி எடுப்பது. தீப எண்ணெய் விளக்கில் எரிவதற்காகப் பல எண்ணெய்களைக் கலந்து, வாசனையும் நிறமும் சேர்த்தது. உண்பதற்கல்ல என்று அதன் அட்டையிலேயே போட்டிருப்பார்கள். தயவுசெய்து அட்டையைப் படியுங்கள். உடம்பில் தடவாதீர்கள்.

மாமியார் என் நாலு மாதக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதுகிறார். சளி வெளியே வந்துவிடும், மூக்கும் எடுப்பாக வரும் என்கிறார். வேண்டாம் என்றால் வருத்தப்படுகிறார். நான் என்ன செய்வது? (விருதுநகர் மாவட்ட வாசகி)

இன்றே நிறுத்துங்கள். வருத்தத்தைப் பிறகு ஆற்றிக்கொள்ளலாம்.

பல வருடமாக இதை எழுதுகிறேன், பேசுகிறேன், இன்னும் நின்றபாடில்லை. தண்ணீர் ஒரு சொட்டு மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் குழந்தை உடனே இருமித் தள்ளிவிடும். எண்ணெய்க்கு அந்த உறுத்தல் கிடையாது. வழுவழுவென்று சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உள்ளே போனதை உடம்பால் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. நுரையீரல் அங்கங்கே புண்ணாகி இறுகிப்போகும். இதற்கு எண்ணெய் நிமோனியா என்றே பெயர். சாதாரண நிமோனியாவுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் இதைத் தீர்க்காது. அதனால் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறார்கள்.

ஒரு குழந்தையை இன்னும் மறக்க முடியவில்லை. நெற்றியில் பொரிப்பொரியாக வந்திருக்கிறது என்று என்னிடம் கூட்டிவந்தார்கள். ஐந்து மாதம் இருக்கும். பாட்டி மடியில் கிடந்தது, தலையெல்லாம் எண்ணெய் மினுக்கு. நெற்றியில் இருந்தது எண்ணெய் அடைத்த பொரி, பெரிதாக ஒன்றுமில்லை. சட்டையை விலக்கினால் விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே உள்ளே இழுக்கிறது. மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டியது. மூக்கை வெள்ளைப் பஞ்சால் தொட்டு எடுத்தேன். பஞ்சில் நல்லெண்ணெய் மஞ்சள். "பதினாறாம் நாளிலிருந்து விடுறோம்மா, ஒருநாளும் தவறினதில்லை" என்றார் பாட்டி, பெருமையோடு. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதி வெள்ளையாக மூடியிருந்தது. குழந்தை மூன்று வாரம் வார்டில் இருந்து பிழைத்தது. அந்தப் பாட்டி வார்டு வாசலில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருந்தால் யாரும் அவரைத் திட்டமாட்டீர்கள். அன்பால் செய்தது, யாரும் சொல்லவில்லை, அதனால் செய்தார்.

ஆகவே சொல்லுங்கள். மாமியாரிடம் நீங்கள் சொன்னால் மனத்தாங்கல் வரும் என்றால் இந்தப் பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது தடுப்பூசி போடும் நாளில் செவிலியரை அவர் முன்னாலேயே சொல்லச் சொல்லுங்கள். மூக்கு எடுப்பாக வருவது அப்பா அம்மாவிடமிருந்து வருவது, எண்ணெயால் வருவதல்ல. காதிலும் விடக்கூடாது, பூஞ்சை பிடிக்கும், ஜவ்வில் ஓட்டை இருந்தால் நடுக்காது வரை போகும். கண்ணில் கூடாது. தொப்புள்கொடி விழுந்து காயும்வரை தொப்புளில் கூடாது. உரை மருந்தென்றோ, பூச்சி போகவென்றோ வேப்பெண்ணெயை வாயில் புகட்டவே கூடாது. மலேசியாவில் 1980களின் தொடக்கத்தில் வேப்பெண்ணெய் புகட்டிய இந்தியக் குழந்தைகள் வலிப்பு வந்து நினைவிழந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சில குழந்தைகள் இறந்தும் போயின.

எண்ணெய் தேய்ப்பதையே நான் எதிர்ப்பதாக நினைத்துவிடாதீர்கள். தேய்த்துவிடும் கை குழந்தைக்கு வேண்டும். டாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியதில் கிருமித்தொற்றே குறைந்தது; 2005இல் அந்த ஆய்வு வெளிவந்தது. இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய், உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, கை, கால், முதுகில் பத்து நிமிடம் மெதுவாக. கடுகு எண்ணெய் வேண்டாம், காந்தும். பிறகு குளிப்பாட்டி உடனே துடைத்துச் சட்டை போடுங்கள். மாமியாரையே தேய்த்துவிடச் சொல்லுங்கள். மூக்கை மட்டும் விட்டுவிடட்டும்.

வடை போடும்போது எண்ணெய் தெறித்துக் கையில் பட்டுவிட்டது. உடனே தேங்காய் எண்ணெய் தடவினேன். கொப்புளம் வந்துவிட்டது.

சூடு பட்ட தோலில் எண்ணெய் பூசினால் சூடு உள்ளேயே நிற்கும். குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கையைக் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து இருபது. இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்தது என்று எடுத்துவிடாதீர்கள். மோதிரம், வளையலை வீங்குவதற்குள் கழற்றுங்கள். ஐஸ், பேஸ்ட், இங்க், இட்லி மாவு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடுங்கள். முகம், மூட்டு, உள்ளங்கையளவுக்கு மேல், அல்லது குழந்தை என்றால் தண்ணீர் காட்டிய கையோடு ஆஸ்பத்திரி.

வடை சுட்டு மீந்த எண்ணெயை உடம்புக்குத் தேய்க்கலாமா?

கூடாது. எந்த எண்ணெயானாலும் மூடியைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். காறல் வாடை அடித்தால் தோலுக்கு ஆகாது.

சர்க்கரை இருக்கிறது, பத்து வருடமாக. பித்தவெடிப்பு ஆழமாகிவிட்டது. விளக்கெண்ணெய் போடலாமா? (தஞ்சாவூர் வாசகர், வயது 62)

முழு விவரம் எழுதியதற்கு நன்றி ஐயா. வெடிப்பில் ரத்தமோ சீழோ இருந்தால் எண்ணெய் வேண்டாம், கால் மருத்துவரைப் பாருங்கள். வெறும் வெடிப்பென்றால் இரவில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். சூட்டை உங்கள் காலால் பார்க்காதீர்கள். உணர்ச்சி குறைந்திருக்கும், வெந்துபோனதே தெரியாது. வீட்டில் வேறு யாராவது முழங்கையை விட்டுப் பார்க்கட்டும். ஒற்றித் துடைத்து, ஈரத்தோடு குதிகாலில் விளக்கெண்ணெய். வாஸ்லின் இன்னும் நன்றாக ஈரத்தைப் பிடித்துவைக்கும். விரல் இடுக்கில் மட்டும் எதுவும் தடவக் கூடாது. ஊறிப்போய்ச் சேற்றுப்புண் வரும். பருத்திக் காலுறை போட்டுப் படுங்கள், வழுக்காது. பிளேடால் சீவுவதை இன்றோடு விடுங்கள்.

வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீனுக்குப் பதில் தேங்காய் எண்ணெய்?

ஆய்வுக்கூடத்தில் அளந்தபோதே வெயிலைத் தடுக்கும் அளவான எஸ்பிஎஃப் 7, 8தான் வந்தது. வெயிலுக்குக் குறைந்தது 30 வேண்டும். போதாது.

சிறு பாட்டிலில் வரும் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, கூந்தல் எண்ணெயா? தோலுக்கு எது?

இதே கேள்வி வரி வழக்காகப் பல வருடம் நடந்தது. வழக்கு முடிந்த சமயத்தில் சமையல் எண்ணெய்க்கு ஜிஎஸ்டி வரி 5 சதவீதம், கூந்தல் எண்ணெய்க்கு 18. சிறு பாட்டிலில் வருவதாலேயே அது கூந்தல் எண்ணெய் ஆகிவிடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தோலுக்கு எடுக்கும்போது உட்பொருள் வரியில் தேங்காய் எண்ணெய் ஒன்று மட்டும் இருக்க வேண்டும். மல்லிகை வாசனை, மூலிகைச் சாறு என்று நீண்டால் வேண்டாம். ஒவ்வாமை பெரும்பாலும் அந்த வாசனையால்தான். செக்கில் ஆட்டியதானாலும் புது எண்ணெயை முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு வாரம், தினம் இருவேளை தடவிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்கு.

நல்லெண்ணெயும் மஞ்சளும் தேய்த்தால் நிறம் வருமா?

வராது. உங்கள் நிறத்துக்கு ஒரு குறையும் இல்லை. நிறம் மாற்றுவதாகச் சொல்லிக் கடையில் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை அப்பா விடமாட்டேன் என்கிறார். வயது 74. தோலுக்கு நல்லதா? (மதுரை)

நல்லது, விடச் சொல்லாதீர்கள். நல்லெண்ணெய் தேய்த்து இருபது நிமிடம் போதும். சீயக்காயை உடம்பில் அழுத்தித் தேய்க்க வேண்டாம். வயதான தோல் உரிந்துவிடும். குளியலறையில் எண்ணெய்க் காலோடு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். உள்ளங்காலுக்கு எண்ணெய் வைக்காமல் ஒரு முக்காலியில் உட்காரவைத்துக் குளிக்கச் சொல்லுங்கள். எழும்போது பிடித்துக்கொள்ள நீங்கள் கதவுக்குப் பக்கத்தில் இருங்கள்.