மூளைக் கழிவு ஸ்கேனில் தெரியுமா?

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு 22 வருஷமாக ஒற்றைத் தலைவலி. இப்போது மாதத்தில் 20 நாள் வலிக்கிறது. 18 நாளாவது பாராசிட்டமால் போட்டுவிடுகிறேன். 24 வயது மகளுக்கு வேறு மாதிரி. முதலில் கண் முன்னால் மின்னல் கோடு, அப்புறம்தான் வலி. அவள் நீர்க்கட்டிக்காக ஹார்மோன் மாத்திரையும் சாப்பிடுகிறாள். மைக்ரேன் உள்ளவர்கள் மூளையில் கழிவு தேங்குமாம், எம்.ஆர்.ஐ.யில் அது தெரியுமாம். ஒரு வீடியோவில் பார்த்தேன். நாங்கள் இருவரும் எடுக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மகளின் மின்னல் கோட்டை எனக்கு நன்றாகத் தெரியும் அம்மா. ஸ்கேன் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அது வரும். திரையில் நோயாளியின் மூளை இருக்கும். அதன் இடது பாதியை ரம்பப்பல் மாதிரி ஒரு கோடு மெல்லத் தின்றுகொண்டே போகும். இருபது நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவேன். இதற்கு 'ஆரா' என்று பெயர். மூளையின் மேற்பரப்பில் நிமிஷத்துக்கு 2 முதல் 5 மில்லிமீட்டர் வேகத்தில் ஒரு மின் அலை ஊர்வதுதான் காரணம்.

கழிவு விஷயத்துக்கு வருவோம். ரத்தக்குழாய்களை ஒட்டிய நுண்ணிய இடைவெளிகள் வழியாக மூளைநீர் ஓடிக் கழிவை அலசுகிறது என்று 2012-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்ட் குழு எலிகளில் காட்டியது. 2017-ல் இன்னொரு குழு, எலி மூளையில் அந்த ஆரா அலையைக் கிளப்பினால் இந்த இடைவெளிகள் சுருங்கி ஓட்டம் தடைபடுவதைக் கண்டது. வீடியோக்காரர் சொன்னது காற்றில் பிடித்ததில்லை.

ஆனால் மனிதரில் 'கழிவு ஸ்கேன்' என்று சொல்லப்படுவது கழிவைப் படம் பிடிப்பதில்லை. ஜப்பானின் நகோயாவில் தவோகா 2017-ல் வெளியிட்ட முறை அது. அந்தப் படத்தில் மூளையின் நீர் அறைக்குப் பக்கத்தில் நீலப் பட்டை ஒன்று, அதை ஒட்டிப் பச்சைப் பட்டை ஒன்று தெரியும். நீலத்தில் நரம்பிழைகள் மேலும் கீழுமாக ஓடும். பச்சையில் முன்னும் பின்னுமாக. அந்த இடத்தில் சிரைகள் என்ற ரத்தக்குழாய்கள் மட்டும் பக்கவாட்டில் போகின்றன. ஆகவே பக்கவாட்டில் தண்ணீர் எவ்வளவு நகர்கிறது என்று அளந்து, அது சிரையை ஒட்டிய இடைவெளியில் நடப்பது என்று கணக்கு வைக்கிறார்கள். கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு எண். தலையைச் சற்றுச் சாய்த்துப் படுத்தாலே அந்த எண் மாறும்!

மைக்ரேனில் இதைப் பார்த்த ஆய்வுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் அந்த எண் குறைந்திருக்கிறது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை, கூடியிருப்பதாகச் சொன்ன ஆய்வும் உண்டு. ஆரா உள்ளவர், இல்லாதவர், நாள்பட்ட வலிக்காரர் என்று ஒருவரை வகை பிரிக்க இதை நம்ப முடியாது. என் மெஷினிலேயே எடுக்கலாம்தான், ஆனாலும் என் தலைக்கு நான் எடுத்ததில்லை. நீங்களும் அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியவை வேறு இரண்டு. மகளின் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். ஆரா உள்ள பெண்களுக்கு அது பக்கவாத ஆபத்தைக் கூட்டும். இருந்தால், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இந்த வாரமே மின்னல் கோட்டைப் பற்றிச் சொல்லி, வேறு மாத்திரை கேளுங்கள்.

இரண்டாவது, உங்கள் 18 நாள் பாராசிட்டமால். மாதத்துக்கு 15 நாளும் அதற்கு மேலும், மூன்று மாதத்தைத் தாண்டிப் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம். தினக் காலண்டரில் வலித்த நாளுக்கு ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு சுழி போட்டு வையுங்கள். நரம்பியல் டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஸ்கேன் ஃபிலிமுக்குப் பதில் அந்தத் தாள்களைக் கொண்டுபோங்கள்.