சூடானால் நின்றுபோகும் இன்ஜின்: ஆறுவதற்குள் என்ன பார்ப்பது?

கேள்வி: "என்னுடையது பெட்ரோல் கார். காலையில் சிக்கலில்லாமல் கிளம்புகிறது. நன்றாகச் சூடான பிறகு சில நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் விட்டால் மறுபடி கிளம்புகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் எந்தக் குறையும் தெரிவதில்லை. எந்தப் பாகத்தை மாற்றுவது?"

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். வண்டி நன்றாக ஓடும் நேரத்தில் பிளக், காயில் (பிளக்குக்குத் தீப்பொறிக்கான மின்சாரம் தரும் சுருள்), பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றினால், பழுது தீர்ந்ததா, அல்லது அன்றைக்கு நிற்காமல் விட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு, "ஒன்றுமில்லை" என்று சாவியைத் திருப்பிக் கொடுக்கும் பட்டறைகள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. சூட்டில் வரும் கோளாறைச் சூட்டில்தான் தேட வேண்டும். வண்டி நின்ற இடத்தில், அது ஆறுவதற்கு முன் கிடைக்கும் கொஞ்ச நேரம் பட்டறையில் கழியும் ஒரு நாளைவிடப் பயனுள்ளது.

முதலில் வண்டியைப் பாதுகாப்பாக ஓரம் கட்டுங்கள். வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டிருந்தால் அது வேறு பிரச்சினை. கூலன்டைக் கவனிக்க வேண்டும், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. முள் வழக்கமான இடத்தில் இருந்தால் மேலே படியுங்கள்.

சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பிக் காது கொடுங்கள். பெரும்பாலான கார்களில் பின் இருக்கைப் பக்கமிருந்து பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று விநாடி முனகும். பிறகு ஸ்டார்ட்டரைச் சுழற்றியபடி ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். பல கார்களில் அது லேசாக எழும். எழவே இல்லையென்றால் கிராங்க்ஷாஃப்ட் சென்சார் (இன்ஜினின் முக்கியத் தண்டு சுழல்வதை உணரும் கருவி) மேல் சந்தேகம் வலுக்கிறது. சில கார்களில் முள் இயல்பிலேயே அசையாது. அங்கே காரின் கணினி தரும் தகவல்களைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டி, சுழற்றும்போது ஆர்.பி.எம். பூஜ்யமாகவே நிற்கிறதா என்று பார்க்கலாம். சாதாரண ஸ்கேனர் போதும். அதைக் காரிலேயே வைத்திருங்கள்.

இந்தச் சென்சாரை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்ஜின் சுழல்கிறது என்ற செய்தி கணினிக்கு அங்கிருந்துதான் போகிறது. அந்தச் செய்தி நின்றால் கணினி தீப்பொறி, இன்ஜெக்டர், பம்ப் மூன்றையும் நிறுத்திவிடும். ஆகவே தீப்பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை என்றால் காயிலும் பம்பும் ஒரே நாளில் கெட்டுப்போயின என்று நினைக்காதீர்கள். இரண்டுக்கும் பொதுவான இடத்தைப் பாருங்கள்: இந்தச் சென்சார், அதன் வயரிங், மெயின் ரிலே (இவற்றுக்கெல்லாம் மின்சாரத்தை இணைத்துவிடும் மின்காந்தச் சுவிட்ச்).

உறவினர் ஒருவரின் காரில் இதே தொல்லை. கழற்றிய சென்சாரில் மல்டிமீட்டரை வைத்தபோது 850 ஓம் காட்டியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைமுடி உலர்த்தியால் சூடேற்றினோம். எண் மெதுவாக ஏறி ஆயிரத்தைக் கடந்தது. அதுவும் இயல்பே, தாமிரக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். அடுத்த நொடி எண் மறைந்து 'ஓ.எல்.' என்று வந்தது: சுற்று அறுந்துவிட்டது. ஆறியதும் பழைய எண் திரும்பியது. உள்ளே மயிரிழைக் கம்பியில் விரிசல். சூட்டில் விலகும், குளிர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு கம்பி உள்ள காந்தச் சுருள் சென்சாருக்குத்தான் இந்தச் சோதனை பொருந்தும். மூன்று கம்பி உள்ள ஹால் வகையில் (உள்ளே மின்னணுச் சுற்று இருப்பது) ஓம் அளந்து பயனில்லை, சிக்னலையே பார்க்க வேண்டும். சாலையில் நின்ற நிலையில் சென்சாருக்குக் கை எட்டுமானால் ஈரத்துணியைச் சுற்றிப் பாருங்கள். உடனே கிளம்பினால் அது வலுவான சான்று. சூடான சைலன்சர் குழாய் மேல் மட்டும் தண்ணீர் படக் கூடாது.

முள் ஒழுங்காக எழுகிறது, பம்ப் மட்டும் முனகவில்லை என்றால் பம்பும் அதன் ரிலேயும் அடுத்தவை. பம்பை ஆற்றுவது தொட்டியிலுள்ள பெட்ரோல்தான். தொட்டி ஏறக்குறைய காலியாக இருக்கும் நாட்களில் தொல்லை அதிகமென்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிலேக்குள் விரிசல் விட்ட சாலிடரும் சூட்டில் இதே வேலையைச் செய்யும். பெட்ரோல் வாடையும் கரும்புகையும் வந்தால் கூலன்ட் வெப்ப சென்சாரைப் பாருங்கள். அது 'இன்ஜின் குளிர்ந்திருக்கிறது' என்று தவறாகச் சொன்னால் கணினி தேவைக்கு மேல் பெட்ரோல் விடும். ஸ்கேனரில் சூடான இன்ஜின் 20 டிகிரி என்று காட்டினால் வேறு விளக்கம் தேவையில்லை.

நிற்காமல் திணறி மட்டும் ஓடினால் பெரும்பாலும் காயில்தான். எந்த சிலிண்டர் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாமல் விடுவது) என்று ஸ்கேனர் சொல்லும். அந்தக் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் ஆள் அகப்பட்டது.

பாகத்தை மாற்றிய பின் சோதிப்பதிலும் அவசரம் வேண்டாம். நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, இன்ஜினை நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுக் கிளப்புங்கள். நிறுத்தியதும் கூலன்ட் ஓட்டம் நின்று, உலோகத்தின் சூடு பானட்டுக்குள் தேங்கி, சென்சார்கள் ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகச் சூடாகும். அப்போதும் ஒரே சுழற்சியில் கிளம்பினால் நீண்ட பயணத்துக்கு எடுத்துப் போகலாம்.