எண் போட்டால் சுருதி சேருமா?

கேள்வி: கலியாண வீடு, சாமத்திய வீடுகளுக்கு டீஜே செய்கிறேன். என்னிடம் உள்ள 2,000 பாட்டுக்கும் மென்பொருளே சுருதி பார்த்து எண் போட்டுவிட்டது, அதன்படிதான் கலக்கிறேன். ஊரில் மூத்த ஒலிபெருக்கிக்காரர் ஒருவர் இதைக் கள்ளவேலை என்கிறார். மென்பொருளை நம்பலாமா? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: கள்ளவேலை இல்லை தம்பி. மிக்ஸ்ட் இன் கீ, ரெக்கோட்பொக்ஸ், செராட்டோ எல்லாம் செய்கிற வேலைதான், தாராளமாகப் பாவியுங்கள். ஆனால் 2,000 பாட்டில் எத்தனையைக் காதால் சரிபார்த்தீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே, எனக்கு அங்கேதான் கோபம் வருகிறது.

அந்த எண்கள் கமலொட் வட்டத்தின் எண்கள், அதாவது மேற்கத்தைய சுருதிகளைப் பொருத்தம் பார்த்து வட்டமாக அடுக்கி எண் போட்ட அட்டவணை. 12 மேஜர், 12 மைனர், மொத்தம் 24 இடம். 8ஏ என்றால் ஏ மைனர், 8பி என்றால் சி மேஜர், அதே எண்ணோ பக்கத்து எண்ணோ வந்தால் பொருந்தும் என்பது கணக்கு. மேற்கத்தைய நடனப் பாட்டுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். மாயாமாளவகௌளை ராகத்தில் ஒரு பாட்டு வந்தால்? அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை, வட்டத்தில் அதற்கு இடமே கிடையாது, ஆனாலும் ஏதோ ஒரு எண்ணை ஒட்டிவிடும். மோகனம் இன்னும் வில்லங்கம். சி-யை ஆதாரமாக, அதாவது ‘ச’ சுரமாக, வைத்த மோகனத்தின் அதே ஐந்து சுரத்தையும் ஜி-யில் தொடங்கினால் சுத்தசாவேரி என்ற வேறு ராகம். எது ஆதாரம் என்பது பாட்டு எங்கே போய் இளைப்பாறுகிறது என்று கேட்டால்தான் தெரியும். 8பி என்று வரவேண்டிய மோகனத்துக்கு 9பி, அதாவது ஜி மேஜர், என்று விழுந்துவிட்டது என்று வையுங்கள், அதை நம்பி நீங்கள் 10பி-க்குப் போவீர்கள், அங்கே டி மேஜரின் சி ஷார்ப் உங்கள் பாட்டின் சி-யோடு முட்டும். மண்டபத்தில் இருக்கிற யாருக்கும் காரணம் தெரியாது, ஆனால் ஆடுகிற கால் தயங்கும்.

வேகமும் இருக்கிறது. ஏறக்குறைய 6 சதவீதம் கூட்டினால் சுருதி அரைச் சுரம் ஏறும், அதாவது கீ லொக் (வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் பிடிக்கிற வசதி) போடாமல் அப்படி ஏற்றிய 8ஏ பாட்டு உண்மையில் 3ஏ. டேப்பிலிருந்து எடுத்த பழைய படப்பாட்டுகளில் பல இரண்டு சுருதிக்கு நடுவே நிற்கும், அப்புறம் நடுவில் சுருதி மாறுகிற பாட்டுக்கும் ஒரே எண்தான்.

முள்ளியவளையிலும் புதுக்குடியிருப்பிலும் கோயில் திருவிழாவுக்குப் போயிருப்பீர்கள். நாதஸ்வரக்காரர் தொடங்கமுன் சுருதியோடு சேர்த்து ஊதிப் பார்ப்பாரே, அதைக் கேட்டு வளர்ந்த காது உங்களுடையது, அதை ஏன் லப்டொப்புக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறீர்கள்? 2,000 வேண்டாம். உண்மையில் அடிக்கடி போடுகிற நூறு, நூற்றைம்பது பாட்டை எடுங்கள், தொலைபேசியில் சுருதிப்பெட்டிச் செயலி ஒன்றைப் போட்டு, பாட்டோடு முணுமுணுத்து ஆதாரத்தைப் பிடியுங்கள், எண் பிழை என்றால் கையால் திருத்துங்கள். ஒரு பாட்டுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இன்னொன்று, எண் பொருந்தினாலும் ஒரு பாடகரின் குரல்மேல் இன்னொரு குரலை ஏற்றாதீர்கள், அது இரைச்சல்தான். சந்தேகமான பாட்டென்றால் மேளம் மட்டும் போகிற இடம் வரும்வரை பொறுத்திருந்து அங்கே மாற்றுங்கள். அந்த மூத்தவரும் அநேகமாக அப்படித்தான் செய்திருப்பார், ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.