ஈஸ்ட் தின்னாத ஈ முட்டையிடுமா?

டிரோசோபிலா பழ ஈக்களின் உணவும் முட்டையும் குறித்து வந்த கேள்விகளுக்கு இன்று பதில் எழுதுகிறேன். ஒரே வேண்டுகோள்: குப்பியில் ஈஸ்ட் எத்தனை கிராம் என்று சொல்லாமல் முட்டைக் கணக்கை அனுப்பாதீர்கள்.

வெல்லம் தாராளமாகக் கொடுக்கிறேன். ஈக்கள் நன்றாகத்தான் திரிகின்றன, முட்டை மட்டும் இல்லை. ஏன் அம்மா?

வெல்லம் உயிரைக் காக்கும், முட்டையைக் கட்டாது. முட்டைக்குள் சேரும் கருவுணவுக்குப் புரதம் வேண்டும். பழ ஈக்கு அது ஈஸ்டிலிருந்து வருகிறது. ஈஸ்ட் இல்லாத உணவில் முட்டை ஏறக்குறைய 60 மடங்கு குறைவதை டிரம்மண்ட்-பார்போசா, ஸ்ப்ராட்லிங் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் காட்டினார்கள். தடை இரண்டு இடங்களில் விழுகிறது. சூலகத்தில் முட்டைகள் வரிசையாக வளரும் சூல்குழலின் நுனியில் இளம் செல் தொகுதிகள் சில மடிகின்றன. அதைத் தாண்டியவை, முட்டை வளர்ச்சியின் 14 கட்டங்களில் எட்டாவதில், கருவுணவு சேரத் தொடங்கும் நேரத்தில் அழிகின்றன. மூளையிலிருந்து வரும் இன்சுலின் போன்ற புரதங்கள் "உணவு இருக்கிறது" என்ற செய்தியைச் சூலகத்துக்குக் கொண்டுபோகின்றன.

நுண்ணோக்கியின் கீழ் இரண்டு ஊசிகளால் வயிற்றைப் பிரித்துப் பாருங்கள். ஈஸ்ட் தின்ற ஈயின் சூலகம் பால் வெள்ளையாக வயிறு முழுக்க அடைத்திருக்கும். சர்க்கரை மட்டும் தின்றதில் கண்ணாடி போன்ற சிறு முடிச்சுதான் கிடைக்கும்.

என் ஈக்கள் குறைவாக முட்டையிடுகின்றன. காரணம் என்ன?

ஈஸ்ட் எத்தனை கிராம்?

மாந்தோப்பில் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தும் புழு குறையவில்லை.

உங்கள் தோப்பில் இருப்பது வேறு பேரினம், பாக்டிரோசெரா என்ற பழ ஈ. பொறியில் வைக்கும் மணப்பொருளான மெத்தில் யூஜினால் ஆண் ஈயைத்தான் இழுக்கும். பெண்ணுக்கு முட்டை முதிரப் புரதம் தேவை. அதனால் புரதக் கவர்ச்சி உணவுக்கு அது வரும். விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதையுங்கள். கவர்ச்சி உணவில் கலக்கும் மருந்தின் அளவை வேளாண் அலுவலரிடம் கேளுங்கள்.

புரதம் கூடினால் ஆயுள் குறைகிறது. முட்டைக்குச் செலவழித்த பொருளே ஆயுளில் கழிகிறது என்பது சரிதானே?

இதை மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் ஏற்கவில்லை. 2009இல் கிராண்டிசன், பைப்பர், பார்ட்ரிட்ஜ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் உணவு குறைக்கப்பட்ட ஈக்களுக்கு புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்றான மெத்தியோனினை மட்டும் சேர்த்தார்கள். முட்டை கூடியது, ஆயுள் குறையவில்லை. இன்றியமையாத அமினோ அமிலங்கள் அனைத்தையும் சேர்த்தபோதுதான் ஆயுள் குறைந்தது. ஆக, அமினோ அமிலங்களின் விகிதம்தான் இங்கே கேள்வி.

முட்டையிட்டதால்தான் தேய்ந்தன என்று இன்னும் சொல்லலாமே?

சொல்ல முடியாது. முட்டையே இடாத மலட்டு ஈக்களிலும் உணவைக் குறைத்தால் ஆயுள் நீள்கிறது. முட்டையிடாத ஈயில் முட்டைச் செலவு எங்கிருந்து வரும்? மறுப்பதானால் இந்த இரண்டு முடிவுகளுக்கும் விளக்கம் தாருங்கள், உவமை வேண்டாம்.

கொசுவுக்கும் இதுதானா?

அதுவும் ஈ வரிசைதான். ஏடிஸ் வகைப் பெண் கொசு இரத்தத்தைத் தேடுவது முட்டைக்கான புரதத்துக்காக. ஆண் கொசு தாவரச் சாற்றோடு நின்றுவிடும்.

முட்டை குறைகிறது, ஏன்?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஒரு வாரம் ஈஸ்ட் இல்லாமல் விட்டுவிட்டேன். இனி மீளுமா?

மீளும். முட்டைகளுக்கு மூலமான குருத்துச் செல்கள் மெதுவாகப் பிரிந்துகொண்டு காத்திருக்கின்றன. ஈஸ்ட் பசையைக் குப்பியின் ஓரத்தில் தடவி வையுங்கள். சில நாட்கள் பொறுத்து, முட்டைகளை எண்ணத் தொடங்குங்கள்.